தரையில் விரித்த தொடுவானம்: பொலினீசியக் கடலோடிகள் கண்காட்சியை அமைத்துத் தந்த பணி பற்றிய மதிப்புரை

ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் பெரிய தீவில், கடலைப் பார்த்தபடி நிற்கும் ஒரு சமூகக் கூடத்தின் நிர்வாகக் குழுவில் நான் சில ஆண்டுகளாக இருந்து வருகிறேன். அக்கூடத்தின் கீழ்த்தளத்தில், நாற்காலிகளை அடுக்கி வைப்பதற்கு மட்டுமே நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்த ஓர் அறையை, பசிபிக் தீவுகளில் பரவி வாழும் பொலினீசியர்களின் கடற்பயணக் கலையை விளக்கும் நிலையான கண்காட்சியாக மாற்றுவதென்று குழு முடிவு செய்து, அருங்காட்சியக அமைப்பில் அனுபவமுள்ள ஒரு நிறுவனத்திடம் அப்பணியை ஒப்படைத்தது. குறைகளும் இம்மதிப்புரையில் வருவதால் நிறுவனத்தின் பெயரைச் சொல்வதைத் தவிர்க்கிறேன். இதே போன்ற கண்காட்சியை அமைக்க எண்ணும் பள்ளிகளும் சிறு அருங்காட்சியகங்களும் எதைக் கேட்டு வாங்க வேண்டும், எந்த இடத்தில் விழிப்பாக இருக்க வேண்டும் என்பதற்கு எங்கள் அனுபவம் பயன்படும் என்று நம்புகிறேன்.

இந்தப் பொருளைக் காட்சிப்படுத்துவதில் உள்ள கடினத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். பொலினீசிய மீகாமன் வரைபடமோ திசைகாட்டியோ கையில் வைத்துக்கொண்டு கடலில் இறங்கியவன் அல்லன். அவனுடைய கருவிகள் அனைத்தும் நினைவிலும் கண்ணிலும், அலையை உணரும் உடலிலும் இருந்தன. பழங்கால நெடும்பயணக் கலங்களில் எஞ்சியவையும் மிகக் குறைவு. 1977-இல் ஹுவாஹினே தீவின் சேற்றுநிலத்தில் யோசிஹிக்கோ சினோட்டோ கண்டெடுத்த பலகைகளும் பெருந்துடுப்பும், 2012-இல் நியூசிலாந்தின் அனவேக்கா கழிமுகத்தருகே வெளிப்பட்ட, கடலாமை செதுக்கிய ஆறு மீட்டர் நீளக் கலப்பகுதியும் போன்ற ஒரு சில சான்றுகளே உலகில் உள்ளன. கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க ஏறக்குறைய ஒன்றுமே இல்லாத ஒரு கலை இது. ஆகவே, பார்க்க வருபவரை எத்தனை இடங்களில் மீகாமனின் வேலையைத் தானே செய்து பார்க்க வைத்தார்கள் என்பதைக் கொண்டே இந்நிறுவனத்தின் பணியை நான் அளக்கிறேன்.

அந்த அளவுகோலின்படி அறையின் நடுவே தரையில் பதித்துத் தந்துள்ள விண்மீன் திசைவட்டம் மிகச் சிறந்த வேலை. ஐந்து மீட்டர் விட்டமுள்ள மர வட்டம் அது. விளிம்பு முழுவதும் தொடுவானம் என்று கொள்ள வேண்டும். தொடுவானம் 32 வீடுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒரு வீட்டின் அகலம் 11.25 பாகை. கிழக்கில் ஹிக்கினா, மேற்கில் கொமொஹானா, வடக்கில் ஆக்காவ், தெற்கில் ஹெமா. இவற்றுக்கிடையே லா, ஆயினா, நோயோ, மானு என்று வரிசையாக மற்ற வீடுகள். கிழக்கில் எந்தப் பெயருள்ள வீட்டில் ஒரு விண்மீன் எழுகிறதோ, வானைக் கடந்து மேற்கில் அதே பெயருள்ள வீட்டில் அது இறங்கும். வட்டத்தின் மையத்தில் கலத்தின் வடிவில் ஒரு தாழ்ந்த இருக்கை, அச்சில் சுழலும்படி பொருத்தப்பட்டிருக்கிறது. பார்வையாளர் அதில் அமர்ந்ததும் அறை இருள்கிறது; விளிம்பில் ஒரு சிறு விளக்கு மெல்ல ஏறுகிறது. வழிகாட்டி இருக்கையைத் திருப்பி நிறுத்திவிட்டு, அணியம் (கலத்தின் முன்முனை) இப்போது எந்த வீட்டைப் பார்க்கிறது என்று கேட்கிறார். எழுந்த விண்மீன் இன்னதென்று தெரிந்தால் விடை கிடைத்துவிடும். வானில் மேகம் மூடி ஒரே ஒரு மீன் மட்டும் தெரிந்தாலும் மற்ற 31 வீடுகளும் தத்தம் இடத்தில் வந்து நின்றுவிடும் என்பதை, எழுதிப் படிப்பதைவிட இந்த இருக்கையில் அமர்ந்து ஒருமுறை தடுமாறினால் நன்றாகப் புரிந்துகொள்ளலாம்.

முதல் விளக்காக நிறுவனம் தேர்ந்தெடுத்தது ஹோக்கூலேஆ என்ற விண்மீன். நாம் சுவாதி என்று அழைப்பது அதைத்தான். ஆயினா வீட்டில், அதாவது ‘நிலம்’ என்று பொருள்படும் வீட்டில், கிழக்குக்குச் சற்று வடக்கே அது எழுகிறது. ஹவாய்த் தீவுகளின் மேல் வரும்போது ஏறத்தாழ நேர் உச்சியைக் கடக்கிறது. தெற்கிலிருந்து வரும் கலத்துக்குச் சுவாதி உச்சிக்கு வந்துவிட்டால் தீவுகளின் குறுக்குக்கோட்டை (அட்சரேகையை) அடைந்துவிட்டோம் என்று பொருள். சுவாதி என்ற பெயரைச் சிறு வயது முதல் கேட்டு வளர்ந்த எனக்கு, அந்த விளக்கு எழும்போதெல்லாம் மனம் நெகிழ்கிறது.

இந்த வட்டம் முதலில் பதிக்கப்பட்ட விதத்தில் இரண்டு பிழைகள் இருந்தன. எழுத்துகள் வெளியே நின்று படிப்பவருக்கு ஏற்ப அமைந்திருந்ததால், நடுவில் அமர்ந்தவருக்கு வீட்டுப் பெயர்கள் எல்லாம் தலைகீழாகத் தெரிந்தன. அதைவிடப் பெரிய பிழை, அறைச் சுவருக்கு இணையாக அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக வட்டத்தை ஏறக்குறைய 20 பாகை திருப்பிப் பதித்திருந்தார்கள். உள்ளே ஹிக்கினா என்று கற்ற திசை, கதவைத் திறந்து வெளியே வந்தால் கிழக்காக இருக்காது. ஒரு குழந்தை இந்த அறையில் கற்றதை மறுநாள் விடியற்காலையில் கடற்கரையில் நின்று சரிபார்க்க முடியவில்லை என்றால் அறையே பொய்யாகிவிடும். நாங்கள் இதை எடுத்துச் சொன்னபோது நிறுவனத்தின் வடிவமைப்பாளர் மறுப்புச் சொல்லாமல் கேட்டுக்கொண்டார். பலகைகளைப் பெயர்த்து, மெய்யான வடக்கை அளந்து, மறுபடி பதித்துத் தந்தார்கள். அதற்குத் தனிக் கட்டணம் வாங்கவில்லை என்பதையும் நன்றியோடு பதிவு செய்கிறேன்.

திசைவட்டத்துக்கான விளக்கப் பலகையில் வேறொரு சிக்கல் இருந்தது. ஆயிரம் ஆண்டுகளாக மாறாமல் வந்த கருவி என்று முதல் வரைவு கூறியது. இந்த 32 வீட்டு வட்டத்தை இன்றைய வடிவில் அமைத்தவர் ஹவாய் மீகாமன் நைனோவா தாம்சன். மேற்குப் பசிபிக்கில் உள்ள மைக்ரோனீசியாவின் சடவால் தீவைச் சேர்ந்த மீகாமன் மாவ் பியாயிலுக்கிடமிருந்து கற்றதையும், தானே வானை நோக்கிக் கண்டறிந்ததையும் இணைத்து அவர் இதை உருவாக்கினார். ஹொனலூலுவின் பிஷப் அருங்காட்சியகத்தில் உள்ள கோளரங்கில் அதன் விரிவுரையாளர் வில் கைசெல்காவுடன் அமர்ந்து, செயற்கை வானத்தை மீண்டும் மீண்டும் சுழற்றி விண்மீன்களின் எழுச்சியையும் மறைவையும் அவர் படித்திருக்கிறார். 1980-இல் தாம்சன், அதே விண்மீனின் பெயரைத் தாங்கிய ஹோக்கூலேஆ கலத்தைக் கருவிகள் இன்றித் தெற்கேயுள்ள தஹிட்டித் தீவுக்குச் செலுத்தித் திரும்பியபோது, ஹவாய் மக்களின் அறுபட்ட இழை ஒன்று மீண்டும் முடிச்சிடப்பட்டது. அறுபட்டதையும் முடிச்சிட்டதையும் மறைத்து, தொடர்ந்து வந்ததாகச் சொன்னால் இவர்கள் பட்ட பாட்டை நாமே அழித்தவர்கள் ஆவோம். திருத்திய பலகை இதைத் தெளிவாகச் சொல்கிறது.

வட்டத்தை அடுத்து, தென்சிலுவைக்கான சிறு பெட்டி ஒன்று உள்ளது. பார்ப்பதற்கு எளிமையாக இருந்தாலும் எனக்கு மிகவும் பிடித்தது இது. நம்மவர் திரிசங்கு என்று சொல்லும் இந்த மீன்கூட்டம் நேராக நிமிர்ந்து நிற்கும்போது, அதன் தலைமீனுக்கும் அடிமீனுக்கும் இடையே சுமார் 6 பாகை. ஹவாயின் குறுக்குக்கோட்டில் அடிமீனுக்கும் தொடுவானத்துக்கும் இடையிலும் அதே 6 பாகைதான். இரண்டு இடைவெளியும் ஒத்துப்போனால் ஊர் வந்துவிட்டது. பெட்டியின் பக்கத்தில் உள்ள மரப்பிடியைத் தள்ளினால் தொடுவானக் கோடு தாழ்கிறது. தெற்கே செல்லச் செல்லச் சிலுவை உயர்ந்து, தஹிட்டியில் அடிமீனே 44 பாகை உயரத்துக்கு வந்துவிடுகிறது. மின்திரையோ ஒலியோ எதுவும் இல்லை. ஒரு கோடு, இரண்டு விளக்கு, ஒரு பிடி. நிறுவனத்தின் தச்சர்களுடைய கைத்திறன் இங்கே நன்றாகத் தெரிகிறது. பிடி எந்த இடத்தில் விட்டாலும் அங்கேயே நிற்கிறது.

கயிற்றுக் கட்டு மேசையைப் பற்றியும் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பொலினீசிய இரட்டைக் கலத்தில் ஆணி கிடையாது. இரண்டு உடல்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டங்கள் தேங்காய் நார்க் கயிற்றால் கட்டப்பட்டன. அந்தக் கயிற்றை ஹவாய் மொழியில் ஆஹா என்பார்கள். மேசையில் ஒரு குறுக்குச் சட்டமும் கலத்தின் விளிம்புத் துண்டும் பொருத்தி, பார்வையாளரே கட்டிப் பார்க்கும்படி செய்திருக்கிறார்கள். முதலில் அவர்கள் தந்தது வெளுப்பான செயற்கை நூற்கயிறு. சீக்கிரம் தேயாது, கையைக் குத்தாது என்பது அவர்கள் சொன்ன காரணம். அது உண்மைதான், ஆனால் அக்கயிறு வழுவழுப்பானது, இரண்டாம் சுற்றிலேயே நழுவிப் பிரிந்தது, ஏன் இப்படிக் கட்டினார்கள் என்ற கேள்விக்கு அதில் விடையே இல்லை. எங்கள் வற்புறுத்தலின் பேரில் நார்க் கயிறு வந்தது. அதன் சிலாம்புகள் ஒன்றையொன்று கவ்வுவதை விரலால் உணர முடிகிறது. சுற்றை இழுத்து, கால் மேசையில் முட்டுக் கொடுத்து, உடம்பின் எடையைப் பின்னால் சாய்த்தால் நார் மெல்ல முனகி இறுகுகிறது. பிறகு சட்டத்தைப் பிடித்து அசைத்தால் ஒரு மயிரிழை அளவு அது அசைந்து கொடுக்கிறது. அந்த அசைவுதான் நடுக்கடலில் கலத்தைக் காப்பாற்றியது. ஆணியடித்த இணைப்பு அலையின் முறுக்கலைத் தாங்காமல் பிளந்துவிடும் இடத்தில் கட்டிய இணைப்பு வளைந்து மீள்கிறது. கயிறு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தேய்கிறது, மாற்றிக்கொள்கிறோம். அது பெரிய செலவன்று.

இதையொட்டி ஒரு சொல் பற்றியும் எழுதத் தோன்றுகிறது. கல மாதிரியின் பெயர்ப் பலகையில் ‘கட்டமரான்’ என்று போட்டிருந்தார்கள். அது நம் கட்டுமரம் என்ற சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்குப் போய், இன்று உலகெங்கும் இரட்டை உடல் படகுகளைக் குறிக்கும் சொல். நம் கட்டுமரம் மரங்களை அருகருகே சேர்த்துக் கட்டியது. ஹவாயின் வா காவ்லுவா என்பது இரண்டு தனிக் கலங்களை இடைவெளி விட்டு இணைத்து, மேலே தளம் போட்டது. இரண்டுமே கட்டுவதில் பிறந்தவை என்றாலும் வடிவில் வேறு. தமிழர் என்ற முறையில் அந்தச் சொல்லைக் கண்டு எனக்குப் பெருமை உண்டு. ஆனாலும் இந்த அறையில் கலத்துக்கு அதன் சொந்த மக்கள் வைத்த பெயர்தான் முதலில் வர வேண்டும் என்று கேட்டேன். மாற்றினார்கள்.

மாதிரியே மிக நேர்த்தியானது. 62 அடி நீளமுள்ள ஹோக்கூலேஆவைப் பத்தில் ஒரு பங்காகச் செய்திருக்கிறார்கள். 1975 மார்ச் மாதம் ஓவாஹுத் தீவில் கடலில் இறக்கப்பட்ட அக்கலத்தின் உடல் ஒட்டுப்பலகையும் கண்ணாடியிழையும் கொண்டு செய்யப்பட்டது என்பதைப் பலகை மறைக்கவில்லை. பிற்பாடு ஹவாயிலோவா என்ற கலத்தை முழு மரத்தில் குடைய விரும்பியபோது, இத்தீவுகளின் காடுகளில் அவ்வளவு பெரிய கோவா மரம் கிடைக்காமல் அலாஸ்காவின் பழங்குடி மக்கள் தந்த ஸ்புரூஸ் மரங்களைக் கொண்டு செய்தார்கள் என்ற செய்தியையும் சேர்த்திருக்கிறார்கள். காடு அழிந்த கதையும் கடல் கதையோடு சேர்ந்தது என்று உணர்ந்து எழுதிய அந்தப் பலகை, அறையில் உள்ளவற்றிலேயே சிறந்த எழுத்து.

இனி எங்களுக்கு மிகுந்த மனவருத்தம் தந்த பகுதி. திறப்புக்கு ஆறு வாரம் இருக்கும்போது அறைக்குள் நுழைந்த நாங்கள், முகப்பிலேயே ‘பொலினீசிய வரைபடம்’ என்ற தலைப்பில் குச்சிகளும் சோழிகளும் கட்டிய ஒரு பெரிய சட்டகத்தைக் கண்டோம். அழகான வேலை. ஆனால் குச்சி வரைபடங்கள் மார்ஷல் தீவினருடையவை, அவர்கள் மைக்ரோனீசியர்கள். தீவுகளைச் சுற்றி அலைகள் எப்படி வளைகின்றன என்பதைக் கரையில் இருந்து கற்பதற்காகச் செய்யப்பட்ட அவற்றைக் கடலுக்கு எடுத்துச் செல்வதும் வழக்கமில்லை. பசிபிக் மக்கள் எல்லோரும் ஒன்றுதான் என்ற எண்ணத்தில் இரண்டு மக்களின் அறிவை ஒரே பலகையின் கீழ் வைத்திருந்தார்கள். எங்கள் தீவில் மார்ஷல் தீவிலிருந்து வந்து வாழும் குடும்பங்கள் பல உண்டு. அவர்களில் ஒரு பெரியவர் அந்தத் தலைப்பைப் படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றதை என்னால் மறக்க முடியவில்லை. இப்போது அச்சட்டகம், மாவ் பியாயிலுக்கின் படத்துக்கு அருகே, மைக்ரோனீசியருக்கென்று ஒதுக்கிய தனி மூலையில், மார்ஷல் தீவினர் தாங்களே எழுதித் தந்த விளக்கத்தோடு நிற்கிறது. மாவ் தம் அறிவை வேற்று மக்களுக்குக் கொடுக்கத் துணிந்ததும், 1976 மே 1 அன்று ஹவாயின் மாவித் தீவிலிருந்து புறப்பட்ட ஹோக்கூலேஆ கலம் ஜூன் 4 அன்று தஹிட்டியின் பப்பீத்தே வந்து சேர்ந்தபோது 17,000 பேர் கரையில் கூடியதும், 2007-இல் சடவாலில் அவர் ஐந்து ஹவாயியர்களுக்கு மீகாமன் பட்டம் அளித்ததும் அங்கே வரிசையாக உள்ளன. உண்மையைச் சரியான இடத்தில் வைத்ததும் அந்த மூலை, முகப்பைவிட அதிக நேரம் மக்கள் நிற்கும் இடமாகிவிட்டது.

எழுத்துருவிலும் தொல்லை வந்தது. ஹவாய் மொழியில் தொண்டையடைப்பு ஒலிக்குரிய ஒக்கினா என்ற குறியும், நெடிலைக் காட்டும் கஹக்கோ என்ற கோடும் எழுத்தின் பகுதிகள். விட்டுவிட்டால் சொல்லே மாறும். ‘முடிந்தது’ என்ற சொல்லும், ‘கரி’ என்ற சொல்லும், ‘பாவாடை’ என்ற சொல்லும் இக்குறிகளால் மட்டுமே வேறுபடுகின்றன. நிறுவனத்தின் எழுத்துருவில் இரண்டும் இல்லை. 14 பலகைகளை மீண்டும் அச்சிட நேர்ந்தது. நம் மொழியில் குறிலையும் நெடிலையும் ஒன்றாக அச்சிட்டுத் தந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் இதன் வலி புரியும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே அச்சு மாதிரி ஒன்றைக் கேட்டு வாங்கிவிட வேண்டும்.

வரலாற்றுச் சுவர் பொதுவாக நன்று. பொலினீசிய மீகாமன் துப்பாயா 1769-இல் ஆங்கிலேய மாலுமி ஜேம்ஸ் குக்கின் கப்பலில் ஏறி, எழுபதுக்கு மேற்பட்ட தீவுகளைக் குறித்த வரைபடம் தந்தது. 1947-இல் தோர் ஹெயெர்டால் மிதவையில் வந்து, இம்மக்கள் தென்னமெரிக்காவிலிருந்து வந்தவர்கள் என்று வாதிட்டது. தற்செயலாக அடித்துவரப்பட்டவர்கள்தாம் தீவுகளில் குடியேறினார்கள் என்று ஆண்ட்ரூ ஷார்ப் எழுதியது. எல்லாம் சுருக்கமாக உள்ளன. 1978-இல் ஹோக்கூலேஆ கவிழ்ந்ததையும், உதவி தேடித் தன் அலைப்பலகையில் தனியே போன கலக்குழுவினர் எடி ஐக்காவ் திரும்பி வராததையும் முதல் வரைவில் விட்டிருந்தார்கள். மகிழ்ச்சியான அறைக்கு அது பொருந்தாது என்று நினைத்திருக்கலாம். இத்தீவுகளில் அவர் பெயரைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. சேர்த்தார்கள். கலத்தில் வந்த பயிர்களுக்கான சேம்பு, ஈரப்பலா, சர்க்கரைவள்ளித் தொட்டிகள் வாசலில் நன்றாக வளர்கின்றன. ஒலியமைப்பில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

அலைமேடைதான் முழுத் தோல்வியாகத் தொடங்கியது. மொத்தச் செலவில் பெரும்பங்கை அது விழுங்கியது. மின்பொறியால் ஆடும் அந்த மேடை ஒரே தாளத்தில் முன்னும் பின்னும் சாய்ந்தது. பொறியின் இரைச்சல் வேறு. கடலில் ஒரே அலை வருவதில்லை. இங்கே வடகிழக்கு வணிகக்காற்று எழுப்பும் அலைவரிசை ஒன்று. குளிர்காலத்தில் வடமேற்கிலிருந்தும் கோடையில் தெற்கிலிருந்தும் தொலைவில் பிறந்த நெடிய அலைகள் அதைக் குறுக்கே வெட்டி வரும். மேகம் மூடிய இரவில் மீகாமன் இவற்றைப் பிரித்து உணர்ந்துதான் திசையைக் காக்கிறான். மூன்றாம் வாரத்தில் பொறி பழுதாகி நின்றபோது, சரிசெய்வதற்குப் பதிலாக வேறு விதமாகச் செய்து தாருங்கள் என்று கேட்டோம். இப்போது இருப்பது கயிறுகளில் தொங்கும் பலகைத் தளம். ஒருவர் படுத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார். இரு பக்கங்களில் நிற்கும் இரண்டு பேர், ஒருவர் மெதுவாகவும் ஒருவர் விரைவாகவும், கையால் தள்ளுகிறார்கள். நீண்ட அலை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று படுத்திருப்பவர் சொல்ல வேண்டும். முதலில் எல்லோரும் தவறாகத்தான் சொல்கிறார்கள். மூன்று, நான்கு நிமிடம் பொறுத்துக் கிடந்தால் முதுகுத்தண்டு தானாகவே பிரித்துக் காட்டத் தொடங்குகிறது. இந்த எண்ணம் நிறுவனத்தின் இளம் பணியாளர் ஒருவருடையது. அவர் ஒருவருக்காகவே இந்நிறுவனத்தை மீண்டும் அழைக்கலாம்.

அழைப்போமா என்று கேட்டால், அழைப்போம். மரவேலையும் விளக்கமைப்பும் முதல் தரம். சொன்னதைக் கேட்டுத் திருத்தும் மனமும் உண்டு. ஆனால் உள்ளடக்கத்தை அவர்களிடம் விட்டுவிடக் கூடாது. கடலோடிய பெரியவர்களையும் மொழி அறிந்தவர்களையும் முதல் நாளிலிருந்தே மேசையில் அமர்த்தி, அவர்களுக்குரிய ஊதியத்தையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். நாங்கள் அதை நடுவில் செய்ததால் நான்கு மாதம் தாமதமானது.

பறவைப் பலகை ஒன்று மட்டும் இன்னும் திருத்தப்படவில்லை. மானுஓகூ என்ற வெண் ஆலா கரையிலிருந்து சுமார் 120 மைல் வரையும், நோயோ என்ற கருநிற ஆலா சுமார் 40 மைல் வரையும் இரைதேடிப் பறக்கும். மாலையில் அவை திரும்பும் திசையில் நிலம் இருக்கும். பலகையில் இரண்டு எண்களும் இடம் மாறியுள்ளன. புதிய பலகை வரும்வரை, எங்கள் வழிகாட்டிகள் அதன் முன் நின்று சரியான தொலைவுகளை வாயால் சொல்லி வருகிறார்கள்.